தங்கியவர், விற்கப்பட்டவர், பட்டம் தேடிப் போனவர்: இத்தாலியில் கிளப் விசுவாசம்

இத்தாலியக் கால்பந்து ஆட்டக்காரர்களான அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டாவும் ஃபிரான்செஸ்கோ டோட்டியும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ஊர் ரோம், ஆண்டு 1976. நெஸ்டா சிறுவனாக இருந்தபோது ரோமா கிளப் அவரைக் கேட்டது. அதே ஊரின் போட்டிக் கிளப்பான லாசியோவின் ரசிகரான அப்பா தர மறுத்துவிட்டார். டோட்டியைத் தேடி மிலான் பணத்தோடு வந்தது. பிள்ளையை வேற்றூருக்கு அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. இப்படி ஒருவர் லாசியோவிலும் மற்றவர் ரோமாவிலும் வளர்ந்தார்கள். இருவருமே இருபத்திரண்டு வயதுக்குள் தத்தம் கிளப்பின் கேப்டன்கள். 2000இல் லாசியோ இத்தாலிய லீக் பட்டத்தை வென்றது, 2001இல் ரோமா வென்றது. 2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலி அணியிலும் இருவரும் இருந்தார்கள்.

ஆனால் கிளப் விசுவாசம் பற்றிப் பேச்சு வந்தால் டோட்டியின் பெயர்தான் முதலில் வருகிறது. நெஸ்டாவை மிலான்காரராகவே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. இது நியாயமில்லை என்பது என் நீண்ட நாள் எண்ணம். ஓர் ஆட்டக்காரர் தங்கினாரா போனாரா என்பதை அவர் மனதை மட்டும் பார்த்து எடைபோட முடியாது. அந்த நேரத்தில் கிளப்பின் கணக்குப் புத்தகம் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவர்கள் இருவரோடு கப்ரியேல் பட்டிஸ்டுட்டாவையும், அதிகம் பேசப்படாத இன்னொருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் இது தெளிவாகத் தெரியும்.

டோட்டி: தங்கியவர்

1993 மார்ச்சில், பதினாறு வயதில், பிரெஷ்யாவுக்கு எதிராக முதல் ஆட்டம். 2017 மே 28 அன்று ஜெனோவாவுக்கு எதிராகக் கடைசி ஆட்டம். இடையில் 25 சீசன்கள், ரோமாவுக்காக 786 ஆட்டங்கள், 307 கோல்கள். இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஏவில் மட்டும் 250 கோல்கள். அந்த லீக்கின் வரலாற்றில் அவருக்கு மேலே சில்வியோ பியோலா ஒருவர்தான்.

இதற்குக் கிடைத்த கோப்பைகள் ஐந்து: ஒரு லீக் பட்டம், இரண்டு இத்தாலிய கோப்பைகள், இரண்டு சூப்பர் கோப்பைகள். அவர் திறமைக்கு இது மிகக் குறைவு. ரியல் மாட்ரிட் கேட்டபோது மனம் ஊசலாடியதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஸிடான், ஃபிகோ, ரொனால்டோ, பெக்காம் எல்லாம் ஒரே அணியில் ஆடிய காலம் அது. போயிருந்தால் யார் குறை சொல்லியிருக்க முடியும்?

அவர் தங்கியதன் உண்மையான சோதனை 2004-05 சீசன் என்றே நினைக்கிறேன். பயிற்சியாளர் ஃபாபியோ கபெல்லோ யுவென்டஸுக்குப் போனார், நடுக்கள ஆட்டக்காரர் எமர்சனும் அவர் பின்னாலேயே போனார். தடுப்பு வரிசையின் தூணான வால்டர் சாமுவேலை மாட்ரிட்டுக்கு விற்றார்கள். அந்த ஒரு சீசனில் பயிற்சியாளர்கள் மாறி மாறி வந்தார்கள், அணி எட்டாவது இடத்தில் முடித்தது. டோட்டிக்கு அப்போது 28 வயது, ஆட்டத்தின் உச்சம். அந்த நிலையிலும் தங்கினார். ஐந்தாண்டுகள் கழித்து, 2010 ஏப்ரலில், பட்டப் போட்டியில் இன்டர் கிளப்பைவிட ஒரு புள்ளி முன்னால் இருந்த ரோமா சொந்த மைதானத்தில் சம்ப்டோரியாவிடம் 2-1 எனத் தோற்றது. அன்று முதல் கோலை அடித்ததே டோட்டிதான். கடைசியில் இரண்டு புள்ளியில் பட்டம் போனது. இரண்டாவது லீக் பட்டம் அவர் வாழ்க்கையில் வரவே இல்லை.

இதெல்லாம் பெரிய இழப்பு. இருந்தாலும் அவர் தங்கியதில் சில சௌகரியங்களும் இருந்தன. சொந்த ஊர், சொந்தக் குடும்பம், கேப்டன் பட்டை, பல ஆண்டுகள் கிளப்பிலேயே அதிகமான சம்பளம். முக்கியமாக, பணம் தேவைப்பட்டபோது ரோமா வேறு யாரையாவது விற்றது. முதலாளி ஃபிராங்கோ சென்சியின் குடும்ப நிறுவனமும் கடனில்தான் இருந்தது. சாமுவேல் போனார், பிறகு கசானோ போனார். டோட்டியைத் தொடவில்லை. அவர் தங்குவதற்கான விலையில் ஒரு பகுதியை மற்றவர்களின் டிரான்ஸ்ஃபர் பணம் கட்டியது.

நெஸ்டா: விற்கப்பட்டவர்

லாசியோவில் நடந்தது இதற்கு நேர்மாறு. முதலாளி செர்ஜியோ கிரன்யோட்டி; டின்னில் அடைத்த தக்காளி விற்கும் சிரியோ நிறுவனத்தின் அதிபர். 1998இல் லாசியோவைப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டார், கையில் இருந்ததற்கும் மேலாகச் செலவு செய்து நட்சத்திரங்களைக் குவித்தார். பலனும் கிடைத்தது. 1998 இத்தாலிய கோப்பை இறுதியில் மிலானை வீழ்த்திய ஆட்டத்தில் கடைசி கோலை அடித்தவர் நெஸ்டா. 1999இல் ஐரோப்பிய கோப்பை வென்றோர் கோப்பை, மான்செஸ்டர் யுனைடெட்டைத் தோற்கடித்து ஐரோப்பிய சூப்பர் கோப்பை, 2000இல் லீக் பட்டம்.

அதன் பிறகு கடன் கழுத்தை நெரித்தது. 2001இல் வெரோன், நெட்வெட், சாலஸ் விற்கப்பட்டார்கள். அதுவும் போதவில்லை. 2002 மார்ச்சில் ரோமாவிடம் 5-1 எனத் தோற்ற டெர்பி, அதாவது ஒரே ஊர்க் கிளப்புகள் மோதும் ஆட்டம், ஒன்று உண்டு. மொன்டெல்லா நான்கு கோல் அடித்தார், ஐந்தாவது டோட்டியுடையது. நெஸ்டா இடைவேளையோடு வெளியே வந்துவிட்டார். லாசியோ ஜெர்சியில் அவர் ஆடிய கடைசி டெர்பி அதுதான். டிரான்ஸ்ஃபர் காலத்தின் கடைசி நாளான ஆகஸ்ட் 31 அன்று சுமார் 3 கோடி யூரோவுக்கு மிலானுக்கு விற்கப்பட்டார். அதே நாளில் ஹெர்னான் கிரெஸ்போ இன்டருக்குப் போனார். அந்த நவம்பரில் சிரியோ தன் கடன் பத்திரங்களுக்குப் பணம் தர முடியாமல் விழுந்தது, சில வாரங்களில் கிரன்யோட்டியும் கிளப்பை விட்டு வெளியேறினார்.

தனக்குப் போக விருப்பமில்லை என்று நெஸ்டா பின்னாளில் சொல்லியிருக்கிறார். கிளப்பின் கேப்டன், கிளப்பிலேயே வளர்ந்த பிள்ளை, சந்தையில் மிக அதிக விலை போகக்கூடியவர். இந்த மூன்றும் ஒரே ஆளாக இருந்தால் நெருக்கடி வரும்போது விற்கப்படுவது அவர்தான். அவர் அடம்பிடித்துத் தங்கியிருந்தால் லாசியோவுக்கு அந்தப் பணம் வந்திருக்காது. அவர் போனதை நான் விசுவாசக் குறைவாகப் பார்க்கவில்லை. ரோமாவுக்கு டோட்டி இருந்து செய்ததை லாசியோவுக்கு நெஸ்டா விலகிச் செய்தார்.

மிலானில் கிடைத்ததை மறைக்கவும் வேண்டாம். போன முதல் சீசனிலேயே, 2003இல், ஐரோப்பிய கிளப்புகளின் மிகப் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக். யுவென்டஸுக்கு எதிரான அந்த இறுதியின் பெனால்டி ஷூட்அவுட்டில் தன் உதையை உள்ளே போட்டவர்களில் அவரும் ஒருவர். 2007இல் மறுபடியும் சாம்பியன்ஸ் லீக். 2004இலும் 2011இலும் லீக் பட்டம். கோப்பைகளை மட்டும் எண்ணினால் டோட்டியைவிட அவர் வெகுதூரம் முன்னே இருக்கிறார். அவர் தேடிப் போகாதது அவரைத் தேடி வந்தது.

நம் ஊர்க்காரர்களில் சிலருக்கு நெஸ்டாவை நேரில் பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது. 2006 உலகக் கோப்பையில் செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தில் நெஸ்டா காயமடைந்தபோது அவருக்குப் பதிலாக இறங்கி கோல் அடித்தவர் மார்கோ மட்டெராட்ஸி. அதே மட்டெராட்ஸி 2014இல் சென்னையின் எஃப்சியின் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தபோது, ஓய்வு பெற்றிருந்த நெஸ்டாவையும் அழைத்துவந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஆடியவர் லாசியோவின் கேப்டனாகவே ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

பட்டிஸ்டுட்டா: பட்டம் தேடிப் போனவர்

அர்ஜென்டினாக்காரரான பட்டிஸ்டுட்டாவுக்கு ஃபுளோரன்ஸ் சொந்த ஊரும் இல்லை, சொந்த மொழியும் இல்லை. 1991இல் அந்த ஊர்க் கிளப்பான ஃபியோரென்டினாவுக்கு வந்தார். 1993இல் அந்த அணி இரண்டாம் நிலையான சீரி பிக்கு இறங்கியது. டென்மார்க்கின் பிரையன் லாட்ரப் மிலானுக்குப் போனார். பட்டிஸ்டுட்டாவோ அதே கோடையில் தென் அமெரிக்காவின் கோபா அமெரிக்கா போட்டியின் இறுதியில் மெக்சிகோவுக்கு எதிராக அர்ஜென்டினாவின் இரண்டு கோலையும் அடித்து வென்று வந்திருந்தார். வயது 24. அடுத்த ஆண்டு உலகக் கோப்பை. எந்தப் பெரிய கிளப்பும் எடுத்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர் இரண்டாம் நிலை லீக்கில் போய் ஆடினார், 16 கோல் அடித்தார், கிளாடியோ ரனியேரியின் அந்த அணியோடு மேலே ஏறினார். திரும்பி வந்த சீசனில் முதல் 11 ஆட்டங்களிலும் தொடர்ந்து கோல் அடித்து, 26 கோல்களோடு சீரி ஏவின் முதல் இடத்தைப் பிடித்தார். அவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஃபுளோரன்ஸ் ரசிகர்கள் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

ஒன்பது ஆண்டுகளில் லீக் பட்டம் மட்டும் கைக்கு எட்டவில்லை. 1998-99இல் பயிற்சியாளர் டிராப்பட்டோனியின் கீழ் பாதி சீசன் வரை முதலிடம். பிப்ரவரியில் பட்டிஸ்டுட்டாவுக்குக் காயம். உடன் ஆடிய எட்முண்டோ கார்னிவலுக்காக ரியோவுக்குப் பறந்துவிட்டார். அணி மூன்றாவதாக முடித்தது. 2000இல், 31 வயதில், 7,000 கோடி லிராவுக்கு ரோமாவுக்குப் போனார். அந்த வயதில் ஓர் ஆட்டக்காரருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

இதை நான் மூன்றில் மிக நேர்மையான பிரிவு என்பேன். கிளப் இரண்டாம் நிலைக்கு விழுந்த நேரத்தில் கூட இருந்தார், இளமை முழுவதையும் கொடுத்தார், போகும்போது கிளப்புக்குப் பெரும் பணத்தையும் விட்டுப்போனார். அந்த நவம்பரில் ஃபியோரென்டினாவுக்கு எதிராக ரோமாவின் ஒரே கோலை அவர் அடித்தபோது கொண்டாடவில்லை, கண்கலங்கி நின்றார். 2001 ஜூன் 17 அன்று பார்மாவை 3-1 என வென்று ரோமா பட்டம் சூடியபோது கோல் அடித்தவர்கள் டோட்டி, மொன்டெல்லா, பட்டிஸ்டுட்டா. அந்த சீசனில் அவர் லீக்கில் அடித்தவை 20. ஆக, டோட்டியின் விசுவாசத்துக்குக் கிடைத்த ஒரே லீக் பட்டம், தன் கிளப்பை விட்டு வந்த ஒருவரின் காலால் பாதி வந்தது. இதை மறந்துவிட்டு இருவரையும் எதிரெதிரே நிறுத்துவது எனக்கு உறுத்துகிறது.

கணுக்கால் வலியோடு ஊசி போட்டுக்கொண்டு ஆடிய அந்தக் காலத்துக்கு அவர் உடல் கொடுத்த விலையும் உண்டு. ஓய்வுக்குப் பின் வலி தாங்காமல் காலை வெட்டிவிடச் சொல்லி மருத்துவரைக் கேட்டதாக அவரே பேட்டியில் சொன்னார். தங்கியவர்களுக்கு மட்டும் தியாகம் உண்டு என்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

பழைய காலம் பொற்காலமா?

"அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே கிளப்பில் ஆடினார்கள்" என்பது அடிக்கடி கேட்கும் புலம்பல். அதில் பாதி கட்டாயம். இங்கிலாந்தின் டாம் ஃபின்னியை 1952இல் இத்தாலியின் பலெர்மோ கிளப் பெரும் பணம், மாளிகை, கார் எல்லாம் தருவதாக அழைத்தது. பிரஸ்டன் நார்த் எண்ட் விடவில்லை. விஷயம் அத்தோடு முடிந்தது. 1961 வரை ஆங்கில லீக்கில் சம்பளத்துக்கு உச்சவரம்பும் இருந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் டிரான்ஸ்ஃபர் கட்டணம் இல்லாமல் போகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது 1995 டிசம்பரில். அதற்குப் பிறகு தங்கியவர்களையே தானாகத் தங்கியவர்கள் என்று முழு உரிமையோடு சொல்லலாம். அந்த வகையில் டோட்டியின் மதிப்பு ஃபின்னி காலத்தவர்களைவிடக் கூடுதல்.

கிளப்புகள் திருப்பிக் கொடுத்தது என்ன என்பதும் இந்த அலசலில் வர வேண்டும். ஓய்வுக்குப் பின் ரோமாவின் நிர்வாகத்தில் சேர்ந்த டோட்டி, முடிவுகளில் தனக்கு எந்தப் பங்கும் தரவில்லை என்று சொல்லி 2019 ஜூனில் வெளியேறினார். அதே ஆண்டு, 18 சீசன் ஆடிய டேனியலே டி ரோஸிக்குப் புதிய ஒப்பந்தம் இல்லை என்று கைவிரித்தார்கள். 2024இல் அவரைப் பயிற்சியாளராக்கி, நீண்ட ஒப்பந்தமும் கொடுத்து, புது சீசனில் நான்கே ஆட்டங்களில் நீக்கினார்கள். ரசிகர்கள் கொதித்தெழ, தலைமை நிர்வாகி பதவி விலக வேண்டிவந்தது.

டி லிவியோ: யாரும் எதிர்பார்க்காதவர்

விசுவாசம் ஒன்றை மட்டும் வைத்து ஒருவரை முதலில் நிறுத்தச் சொன்னால், நான் நிறுத்துவது இந்த மூவரில் யாரையும் இல்லை. ஆஞ்சலோ டி லிவியோவை.

அவரும் ரோமில் பிறந்தவர், ரோமாவின் இளையோர் அணியில் வளர்ந்தவர். பெயர் வாங்கியதோ யுவென்டஸில்: மூன்று லீக் பட்டங்கள், 1996 சாம்பியன்ஸ் லீக். ஃபுளோரன்ஸ்காரர்களுக்கு யுவென்டஸ் என்றாலே ஆகாது. 1990இல் ராபர்டோ பாஜ்ஜோவை யுவென்டஸுக்கு விற்றபோது அந்த ஊரில் கலவரமே நடந்தது. அப்படிப்பட்ட கிளப்பிலிருந்து 1999இல் டி லிவியோ ஃபியோரென்டினாவுக்கு வந்தார்.

2001இல் ரூயி கோஸ்டாவையும் டோல்டோவையும் விற்றும் ஃபியோரென்டினா தப்பவில்லை. 2002இல் சீரி ஏவிலிருந்து இறங்கியது, திவாலானது, சீரி பியில் சேரவும் அனுமதி கிடைக்கவில்லை. ஃபுளோரென்ஷியா வியோலா என்ற புதுப் பெயரில், நான்காம் நிலையான சீரி சி2இல் தொடங்கியது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் கலைந்தார்கள். பழைய அணியிலிருந்து தங்கியவர் டி லிவியோ ஒருவர் மட்டுமே. சில வாரங்களுக்கு முன்புதான் உலகக் கோப்பையில் இத்தாலி அணியோடு இருந்தவர், சிற்றூர் மைதானங்களில் போய் ஆடினார்.

36 வயதுக்காரருக்கு வேறு யார் பெரிய வாய்ப்புத் தந்திருப்பார்கள் என்று கேட்கலாம். கேள்வி சரிதான், ஆனால் அவருக்கு ஓய்வு பெறும் வழி திறந்தே இருந்தது, வீட்டு அலமாரியில் சாம்பியன்ஸ் லீக் பதக்கமும் இருந்தது. முதல் சீசனில் சி2 பட்டத்தை வென்றார்கள். 2003இல் கிளப் தன் பழைய பெயரை மீட்டது, விரிவாக்கப்பட்ட சீரி பியில் இடம் பெற்றது. 2004இல் பெருஜாவை பிளே-ஆஃபில் வென்று சீரி ஏவுக்குத் திரும்பியது. டி லிவியோ அங்கேயும் ஒரு சீசன் ஆடிவிட்டு, 2005இல் 38 வயதில் விடைபெற்றார். ஃபுளோரன்ஸில் அவர் ஆடியது ஆறே ஆண்டுகள், டோட்டி ரோமாவுக்கு ஆடியதில் கால் பங்கு.