வாஷிங்டனா, டி.சி.யா? ஆங்கிலத்தில் எது எங்கே பொருந்தும்

அமெரிக்கத் தலைநகருக்கு ஆங்கிலத்தில் நான்கு பெயர் புழங்குகிறது: வாஷிங்டன், வாஷிங்டன் டி.சி., வெறும் டி.சி., தி டிஸ்ட்ரிக்ட். 'டி.சி.' என்பது டிஸ்ட்ரிக்ட் ஆஃப் கொலம்பியா, அதாவது கொலம்பியா மாவட்டம் என்பதன் சுருக்கம். நான்கும் சரிதான். ஆனால் ஊரைச் சொல்வதானால் முதல் முறை 'வாஷிங்டன் டி.சி.', அதன்பின் 'டி.சி.' என்பதே என் தேர்வு.

1791இல் தலைநகரைக் கட்ட நியமிக்கப்பட்ட ஆணையர்கள், ஊருக்கு ஜார்ஜ் வாஷிங்டன் பெயரையும் அது அமையும் கூட்டாட்சி நிலத்துக்குக் கொலம்பியா என்ற பெயரையும் வைத்தார்கள். கொலம்பஸ் பெயரிலிருந்து பிறந்த 'கொலம்பியா' அந்நாளில் அமெரிக்காவுக்கே கவிதைப் பெயர். அப்போது ஊர் வேறு, மாவட்டம் வேறு. ஜார்ஜ்டவுன் தனி ஊராக இருந்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாவற்றையும் ஒரே நிர்வாகத்தில் சேர்த்தது. இன்று இரண்டு பெயருக்கும் எல்லை ஒன்றே.

வெறும் 'வாஷிங்டன்' அசைக்க முடியாத இடம் ஒன்று உண்டு: அமெரிக்க அரசு. ஒரு நாட்டின் மீது தடை விதித்தது வாஷிங்டன்தான், டி.சி. என்று எழுதினால் நகர மேயர் விதித்ததுபோல் ஆகிவிடும். ஏபி செய்தி நிறுவனமும் செய்தியின் தொடக்கத்தில் வரும் ஊர்ப்பெயராக வாஷிங்டனைத் தனியாகவே போடுகிறது.

சிக்கல் மேற்குக் கரையில் இருக்கிறது. சியாட்டில் உள்ள மாநிலத்தின் பெயரும் வாஷிங்டன்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பகுதியில் குடியேறியவர்கள் கேட்ட பெயர் கொலம்பியா. டிஸ்ட்ரிக்ட் ஆஃப் கொலம்பியாவோடு குழம்பும் என்று சொல்லி, 1853இல் நாடாளுமன்றம் அதை வாஷிங்டன் என்று மாற்றியது! 1889இல் அது மாநிலமும் ஆனது. அதனால் சியாட்டில்காரரிடம் 'வாஷிங்டன் போகிறேன்' என்றால், எந்த வாஷிங்டன் என்பார். மாநிலத்துக்கு 'வாஷிங்டன் ஸ்டேட்' என்று சேர்த்துச் சொல்வது வழக்கம்.

கல்லூரி தேடுகிறவர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுவார்கள். யுனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன் இருப்பது சியாட்டிலில். வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டி அதே மாநிலத்தின் புல்மனில். வாஷிங்டன் யுனிவர்சிட்டி இரண்டு இடத்திலும் இல்லை, மிசௌரியின் செயின்ட் லூயிஸில். குழப்பம் தீர 1976இல் பெயரோடு ஊரையும் சேர்த்துக்கொண்டார்கள். தலைநகரில் இருப்பது ஜார்ஜ் வாஷிங்டன் யுனிவர்சிட்டி. 'டி.சி.' என்ற இரண்டு எழுத்து இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. வேறெந்தப் பெயருக்கும் இந்த வசதி இல்லை. என் ஓட்டு அங்கே விழுவதும் இதனால்தான்.

எழுதும் முறையில் கவனிக்க வேண்டியவை சில. ஆங்கில வாக்கியத்தின் நடுவே வந்தால் வாஷிங்டனுக்குப் பின் ஒரு காற்புள்ளி, டி.சி.க்குப் பின் இன்னொன்று. பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். கட்டுரையில் புள்ளி வைத்த டி.சி., தபால் முகவரியில் புள்ளியில்லாத டிசி. மாநிலத்தின் தபால் குறியீடு டபிள்யூஏ. 'தி டி.சி.' என்று ஊரைச் சொல்லக்கூடாது, 'தி டி.சி. மேயர்' சரி, அங்கே 'தி' மேயருக்கு உரியது. முகவரியில் திசையெழுத்தை (வடமேற்குக்கு என்டபிள்யூ என்பதுபோல்) விடவே கூடாது. நாடாளுமன்றக் கட்டடத்தை மையமாக வைத்து ஊர் நான்கு பகுதியாகப் பிரிந்திருக்கிறது. ஒரே தெருப்பெயரும் கதவு எண்ணும் வேறு பகுதியிலும் இருக்கலாம். வெள்ளை மாளிகைக்குக்கூட 1600 பென்சில்வேனியா அவென்யூ என்டபிள்யூ, வாஷிங்டன், டிசி 20500 என்பதே முழு முகவரி.

'தி டிஸ்ட்ரிக்ட்' உள்ளூர் வழக்கு. சட்டத்திலும் நகர நிர்வாகத்திலும் நன்றாகப் பொருந்தும். அன்றாடப் பேச்சில் யார் எவ்வளவு சொல்கிறார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும், அடித்துச் சொல்லமாட்டேன். வெளியூர் வாசகருக்கு அது எந்த மாவட்டம் என்ற கேள்வியைத்தான் எழுப்பும். டி.சி., மேரிலாந்து, வர்ஜீனியா மூன்றையும் சேர்த்து 'டிஎம்வி' என்பதும் உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அதே சுருக்கம் ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகத்தையும் குறிக்கும்.

டி.சி.க்கு மாநிலத் தகுதி கிடைத்தால் 'டிஸ்ட்ரிக்ட்' பழைய பெயராகிவிடும். பிரதிநிதிகள் சபை 2020இலும் 2021இலும் நிறைவேற்றி, செனட்டைத் தாண்டாத மசோதாவில் புதிய மாநிலத்தின் பெயர் 'வாஷிங்டன், டக்ளஸ் காமன்வெல்த்'. அடிமை ஒழிப்புப் போராளி ஃபிரெடெரிக் டக்ளஸின் பெயர் அது. சுருக்கினால் அப்போதும் டி.சி.தான்.