மாதம் 52,500 என்றார்கள், எத்தனை மாதம் என்று எழுதவில்லை

ஹட்டன் பக்கம் பழைய வாகனங்கள் விற்கும் கார் சேல் ஒன்றில் 2014 சுசுகி ஆல்டோ பார்த்தோம். விலை 34 லட்சம். அப்பாவின் ஈபிஎஃப் காசும் என் சீட்டுக் காசும் சேர்த்து 16 லட்சம் கையில் இருந்தது. மீதி 18 லட்சத்துக்கு லீசிங். அம்மாவை டிக்கோயா ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப்போகத்தான் வண்டி.

வண்டியில் குறை சொல்ல மாட்டேன். தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு நல்லது என்றார். கடைப் பையன்களும் மரியாதையாகத்தான் பேசினார்கள். என் குறையெல்லாம் கடதாசியில்தான்.

மாதம் 52,500 ரூபாய், நான்கு வருடம் என்று வாயால் சொன்னார்கள். 48 மாதத்துக்கு 25,20,000. சரி, தாங்கலாம் என்று நினைத்தோம். லீசிங் படிவத்தை நீட்டியபோது தொகை, வட்டி, மாதங்கள் என்ற மூன்று இடமும் வெறுமையாக இருந்தன. "ஒப்பத்தை மட்டும் போடுங்க டீச்சர், மத்ததை ஒபிஸ்ல நிரப்புவாங்க" என்றார் விற்பனையாளர். பிணை நிற்க வந்த தம்பி பேனாவை எடுத்தேவிட்டான். நான்தான் தடுத்து, நிரப்பிய பிரதி வந்தால்தான் ஒப்பம் என்றேன்.

மூன்று நாள் கழித்து வந்தது. மாதத் தவணை அதே 52,500. ஆனால் 60 மாதம்! காப்புறுதி, ஆவணச் செலவு என்று எதையெதையோ சேர்த்துக் கடன் தொகை 19,40,000 ஆகியிருந்தது. கூட்டிப் பார்த்தேன், 31,50,000. நாங்கள் கணக்குப் போட்டதைவிட 6,30,000 அதிகம். இன்னொன்றும் உண்டு. லீசிங் முடியும்வரை வாகனப் பதிவுக்கான சீஆர் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் கம்பனிதான், நாம் பதிவு பெற்ற உரிமையாளர் மட்டும். கூடுதலான அந்த 12 மாதமும் வண்டி முழுதாக நம் பெயருக்கு வராது. அன்று ஒப்பம் போட்டிருந்தால் தம்பியின் சம்பளமும் சேர்ந்து மாட்டியிருக்கும்.

வேண்டாம் என்றோம். முற்பணம் 50,000 கொடுத்திருந்தேன். பற்றுச்சீட்டின் பின்பக்கம் சிங்களத்தில் சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது. பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கும் மிஸ் வாசித்துச் சொன்னார்: பணம் திருப்பித் தரப்படாது. தமிழ் ஆட்கள்தான் அதிகம் வாங்க வரும் ஊரில் முற்பணத்தை வாங்கும் நேரத்தில் தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு மிகவும் வலித்தது அதுதான்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடப் போவதாகச் சொன்ன பிறகு 40,000 வந்தது. மீதிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். லீசிங் கம்பனியோடு பிரச்சினை என்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கமும் இருக்கிறது.

அந்த சேலுக்கு ஐந்தில் ஒன்று கொடுக்கிறேன், அதுவும் வண்டிக்காக. அங்கே போகிறவர்கள் சீஆர் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நாங்கள் பார்த்த ஆல்டோ குருநாகல் ஆள் ஒருவரின் பெயரில் இருந்தது, ஓப்பன் பேப்பரில், அதாவது பதிவில் பெயர் மாற்றாமலே, கைமாறி வந்திருந்தது. அதை நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

அப்புறம் கொட்டகலையில் ஒருவரிடம் நேரடியாக ஒரு வேகன் ஆர் வாங்கினோம். வேறு கம்பனியில் லீசிங். இந்த முறை படிவத்தைத் தமிழிலேயே கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வெறுமையாக இருந்த இடங்களில் எல்லாம் கோடு போட்ட பிறகுதான் தம்பியிடம் பேனாவைக் கொடுத்தார்.