மாத்திரையா, ஊசியா, மதுரைக்கு ஓட்டமா?

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். நெஃப்ரோட்டிக் நோய்க்கு (சிறுநீரில் புரதம் கசியும் சிறுநீரகக் கோளாறு) மாதக்கணக்கில் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு ராத்திரியில் காய்ச்சல், கூடவே வாந்தி. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததில் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி வேலையை மறந்திருக்கும். காய்ச்சலுக்கு உடம்பு கேட்கும் கூடுதல் கார்டிசால் ஹார்மோனை அந்தச் சுரப்பியால் சுரக்க முடியாது. மருந்தை நிறுத்திய பிறகும் சில பிள்ளைகளுக்கு 6 முதல் 12 மாதம் வரை இந்த ஆபத்து உண்டு.

அந்த ராத்திரியைச் சமாளிக்க மூன்று வழி. மாத்திரையைக் கூட்டுவது முதல் வழி. பிள்ளை தெளிவாக இருந்து, சாப்பிட்டதும் வயிற்றில் தங்கினால் இதுவே போதும். எல்லோருக்கும் கூட்டவும் வேண்டியதில்லை. 5 மி.கி. பிரட்னிசோலோன் ஏறக்குறைய 20 மி.கி. ஹைட்ரோகார்டிசோனுக்கு (மருந்தாக வரும் கார்டிசால்) சமம் என்பதால், தினமும் முழு டோஸ் எடுப்பவருக்குப் பெரும்பாலும் அதுவே தாங்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்த பிள்ளைகளிடம்தான் கவனம் வேண்டும். காய்ச்சல் நாட்களில் தினமும் கொடுக்கச் சொல்வார் டாக்டர். விழுங்கி அரை மணிக்குள் வாந்தியா? இன்னொரு முறை கொடுங்கள். அதுவும் வெளியே வந்தால் மாத்திரையை நம்பிப் பயனில்லை.

அடுத்து, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவது. சர்க்கரை பார்த்து, டிரிப் ஏற்ற அங்கே வசதி உண்டு. ஆனால் உசிலம்பட்டியிலிருந்தே மதுரை சுமார் 40 கி.மீ. சித்திரைத் திருவிழா நேரமென்றால் ஊருக்குள் நுழைவதே பெரும்பாடு. மருந்தில்லாமல் கழியும் அந்த நேரம்தான் எனக்குப் பயம்.

அதனால் என் ஓட்டு ஊசிக்கு. ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. பவுடர் குப்பி, விலை அதிகமில்லை. 2 மி.லி. ஊசித் தண்ணீர் விட்டு, தெளியும்வரை மெதுவாகச் சுழற்றி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். ஒரு வயதுக்குள் 25 மி.கி., 1 முதல் 5 வயதுவரை 50, அதற்கு மேல் 100 என்பது வழக்கமான அளவு. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். நர்ஸ் முன்னால் ஒருதரம் போட்டும் பழகுங்கள். "ஒருவேளை தேவையில்லாமல் போட்டுட்டா?" என்று அம்மாக்கள் கேட்பதுண்டு. ஒரு டோஸால் கெடுதல் வராது. பிள்ளை துவண்டு, கை கால் சில்லிட்டுக் கிடக்கையில் போடாமல் விடுவதுதான் உயிருக்கு ஆபத்து.

ஊசி போட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். போட்ட கையோடு 108-ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் குப்பி இல்லையென்றால் நேரே மதுரைக்கு விரட்டாமல், உசிலம்பட்டி அரசு மருத்துவமனையிலேயே டாக்டரின் சீட்டைக் காட்டி முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.