50 மீட்டர் ரோப் லைட்: வெளிச்சம் பாஸ், கனெக்டர் பின் ஃபெயில்

டிசம்பர் பிறந்தால் மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரை கடை வாசல்களில் ஸ்டாரும் சீரியல் செட்டும் தொங்கும். அவற்றோடு நன்றாக விற்பது 230 வோல்ட் எல்இடி ரோப் லைட். 50 மீட்டர் சுருளாகவும் வாங்கலாம், மீட்டர் கணக்கில் வெட்டியும் தருவார்கள். ஓட்டு வீட்டு இறவாரம், சன்ஷேடு, காம்பவுண்ட் சுவர் என்று நேராக ஓட்டுவதற்கு இதைவிடத் தோதான சரக்கு கிடையாது.

வெளிச்சத்தில் குறையில்லை. 12 வோல்ட் ஸ்ட்ரிப் 5 மீட்டர் தாண்டினாலே வால் பக்கம் மங்கும், இது மங்காது. சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணையும். இதில் பெரும்பாலும் ஒவ்வொரு மீட்டரும் தனி சர்க்கியூட் என்பதால் கெட்டால் அந்த ஒரு மீட்டர்தான் இருட்டு. கத்தரிக்கோல் குறியில் மட்டுமே வெட்ட வேண்டும். மூலையில் பக்கவாட்டில் மடக்கினால் உள்ளே பட்டை விண்டுவிடும், வளைவாகத் திருப்புங்கள். மீட்டருக்கு 8 வாட் என்றால் 30 மீட்டருக்கு 240 வாட், ஆறு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு.

சொதப்புவது கூடவே தரும் பின்னும் (ஒயரை ரோப்போடு இணைக்கும் இரட்டை ஊசி) மறுமுனையை அடைக்கும் வால்மூடியும்தான். உள்ளே ஓடும் இரண்டு செம்புக் கம்பிகளில் இரண்டு ஊசியும் நேராக இறங்க வேண்டும். சாய்ந்து ஒன்றையொன்று தொட்டால் ஷார்ட். எரியவில்லையா, பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்னைத் திருப்பிக் குத்துங்கள். ஒயரில் இருக்கும் ரெக்டிஃபையர் வீட்டு ஏசி கரண்டை டிசியாக மாற்றித் தருவதால் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். மூடி சும்மா சொருகி வைத்ததுதான், வாடை மழை ஒன்று போதும். தண்ணீர் இறங்கி நாலே நாளில் செம்பு பச்சை பூத்துவிடும். கொல்லங்கோடு, தூத்தூர் பக்கம் உப்புக்காற்றில் இன்னும் சீக்கிரம். எனவே இரண்டு முனைக்கும் சிலிக்கான் பசை பூசி ஒரு நாள் காயவிடுங்கள். வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் வேண்டாம், அதுவே செம்பை அரிக்கும். நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள்.

கிளிப் தருவதில்லை, ஒன்றரை அடிக்கு ஒரு பிளாஸ்டிக் டை போதும். கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுகிறார்கள், காற்றில் ஆடி ஆடி உறையை அறுத்து 230 வோல்ட்டைத் தொடும் வேலை அது. பிளக் மழை படாத இடத்தில், 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில் இருக்கட்டும். ஒயரைச் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றிச் சொருகினால் வழியும் தண்ணீர் அடியிலேயே சொட்டிவிடும்.

கடையில் சுருளைப் பிரிக்காமலே போட்டுக் காட்டுவார்கள். நிறம் பார்க்க அரை நிமிடம் போதும், உடனே அணைக்கச் சொல்லுங்கள். சுருளோடு எரிந்தால் சூடு வெளியேறாமல் உறை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.