மீஞ்சூர் வயலில் கௌதாரி பார்க்க 8×42 பைனாகுலர்

கௌதாரி பார்க்க 10×50 பைனாகுலர் வேண்டாம், 8×42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது; இரண்டாவது முன் லென்ஸின் விட்டம், மி.மீ. கணக்கில். மீஞ்சூர், பொன்னேரி வயல்களுக்கு இதுதான் சரி.

கௌதாரி பறப்பதைவிட ஓடுவதே அதிகம். அறுத்த தாளுக்குள் கொஞ்சம் ஓடும், தலையைத் தூக்கும், மறையும். 8 மடங்கில் பரப்பு அகலமாகத் தெரிவதால் அந்த ஓட்டத்தைத் தொடரலாம். 10 மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகும், வெயில் ஏறினால் கானலும் பெரிதாகும். சட்டைப்பைக்குள் அடங்கும் 10×25 இன்னும் மோசம்: கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 2.5 மி.மீ. தான். 8×42இல் 5.25. கௌதாரி மேய வருவது விடியலிலும் பொழுது சாயும்போதும். தொண்டையைச் சுற்றிய மெல்லிய கறுப்புக் கோடு அந்த மங்கலில் தெரிய வேண்டுமே!

எந்தப் பக்கம் திருப்புவது என்பதைப் பருவம் சொல்லும். சம்பா அறுத்தபின், தை மாசியில், சிந்திய நெல்லுக்கு வயலில் இறங்கும். ஆனால் புதரைவிட்டு வெகுதூரம் வராது. நடுவயலை விட்டுவிட்டு வரப்போரத்தைப் பாருங்கள். கோடையில் தரிசில் புல்விதை, களைவிதை, கரையான் தேடி அலகாலும் காலாலும் மண்ணைக் கிளறும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் குஞ்சு பொரிக்கும் காலம்; குஞ்சுக்குப் பூச்சிதான் முக்கிய இரை. அப்போது எட்ட நின்றே பாருங்கள், பதிவுக் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் நெல்வயலில் தேடுவது வீண். மேட்டுநிலம், சீமைக்கருவேலப் புதர் என்று ஒதுங்கிவிடும்.

குறையும் உண்டு. அரை கிலோவுக்கு மேல் கழுத்தில் தொங்கும்; தோள்வார் தனியாக வாங்குங்கள். காலடியில் எழும்பும் பறவைக்கு ஃபோகஸ் சக்கரத்தை நிறையச் சுற்ற வேண்டியிருக்கும்.

வாங்குமுன் தூரத்து மின்கம்பியைப் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் பட்டகம் (பிரிசம்) விலகியிருக்கிறது, தலைவலிதான் மிச்சம். அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கியின் விளிம்பில் ஊதா நிறம் அதிகம் படிந்தால் லென்ஸ் சுமார். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது.

வாங்கியதும் உங்கள் கண்ணுக்குப் பொருத்துங்கள்: வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தைத் திருப்புங்கள். இதைச் செய்யாமலே பலர் பைனாகுலரைக் குறை சொல்கிறார்கள். எண்ணூர்ப் பக்கத்து ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். உள்ளே ஈரம் சேராதபடி நைட்ரஜன் அடைத்த மாடலே எடுங்கள். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். சட்டை நுனியால் துடைத்தால் மணலும் உப்பும் லென்ஸின் மேற்பூச்சைக் கீறும்; முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டு, பிறகு மைக்ரோஃபைபர் துணி.