போகிக்குப் பத்து நாள் முன்னே ஊருக்குப் போனேன்

சிங்கப்பூரிலிருந்து பொங்கலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் போகிக்கு முதல் நாள் போய் இறங்குவோம். இந்த முறை பத்து நாள் முன்னதாகவே சென்னை பெரம்பூர் போய்ச் சேர்ந்துவிட்டேன். காரணம் அப்பா. 74 வயது, சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு. போன போகியன்று விடியற்காலை அம்மா போன் செய்து, "அப்பாவுக்கு மூச்சு வாங்குதுடா, எதிர் வீடே தெரியல" என்று அழுதது இன்னும் காதில் இருக்கிறது. 108 வந்து கொண்டுபோனது. மூன்று நாள் ஆக்சிஜனில் கிடந்தார்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை சென்னைக் காற்றைக் கழுவிக்கொண்டே இருக்கும். மழை விட்டு மார்கழிப் பனி இறங்கும்போதுதான் ஆபத்து. விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழேயே தங்கிவிடும். அதற்கு மேலே இருக்கும் சூடான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். காற்று அசையாத அந்த நேரத்தில் ஊரே சேர்ந்து எரித்தால் புகை எங்கே போகும்? 2018 போகியன்று ஓடுபாதை தெரியாமல் சென்னையில் விமானங்கள் தாமதமாயின. சில விமானங்கள் வேறு ஊருக்குத் திருப்பி விடப்பட்டன. பாயும் துடைப்பமும் எரித்த காலத்தில் ஒரு மாதிரி. டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிற இந்தக் காலத்துப் புகை வேறு.

முதல் வேலையாக அப்பாவை மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். போன வருடம் அவரைச் சேர்த்திருந்த தனியார் மருத்துவமனையில் இரண்டு இன்ஹேலர் கொடுத்து, பில்லைக் கட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எப்படி இழுப்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. எனக்கு இதில் இன்னும் கோபம் தீரவில்லை.

இங்கே செவிலியர் கேட்ட முதல் கேள்வியே, "ஐயா, எப்படி எடுக்கறீங்கன்னு ஒரு தடவ காட்டுங்க" என்பதுதான். அப்பா வாயைத் திறந்து டக் டக்கென்று இரண்டு முறை அழுத்தினார். உதட்டோரமாக வெள்ளையாகப் புகை போல வெளியே வந்தது. "பாருங்க, பாதி மருந்து வெளியிலயே போவுது. மீதி நாக்குலயே நிக்குது" என்றார். ஒரு வருடமாக இப்படித்தான்.

ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழாயை மாட்டி அவரே செய்து காட்டினார். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கணும். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, குழாயை உதட்டால் கவ்வி, ஒரே ஒரு முறை அழுத்தணும். மெதுவாக உள்ளே இழுத்து, முடிந்தால் பத்து எண்ணும்வரை அடக்கணும். அடுத்த அழுத்தலுக்கு ஒரு நிமிடம் பொறுக்கணும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் கடைசியில் வாய் கொப்பளித்துத் துப்பியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை பிடிக்கும். அப்பா நாலைந்து முறை செய்து பார்க்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு பிளாஸ்திரி இரண்டு துண்டு கிழித்து, ஒரு இன்ஹேலரில் "தினமும்", மற்றதில் "திணறினா மட்டும்" என்று பேனாவால் எழுதி ஒட்டினார். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் தினமும் எடுக்க வேண்டியதையே அப்பா நிறுத்திவிடுவார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இதற்கெல்லாம் ஒரு பைசா வாங்கவில்லை.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் எண் 90-க்குக் கீழே இறங்கினால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள் என்று அப்பாவின் நிலையைப் பார்த்து மருத்துவர் எழுதிக் கொடுத்தார். உங்கள் வீட்டில் இருப்பவருக்கு அந்த எண் எது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். விடியற்காலைப் பதற்றத்தில் அது தோன்றாது.

பழைய பொருள்களைப் போகிக்கு முன்பே மாநகராட்சி வந்து வாங்கிக்கொள்கிறது. எங்கள் தெருவுக்கு பேட்டரி வண்டியில் வரும் அக்காவிடம் இரண்டு டயரும் கிழிந்த மெத்தையும் போட்டேன். "வாசல்ல வெச்சா பசங்க தூக்கினு போய் கொளுத்திடுவானுங்க தம்பி, நேரா என் கையில குடு" என்றார். அதன் பிறகு பக்கத்து நாலு வீட்டிலும் போய்க் கேட்டு வாங்கி வந்து ஏற்றினேன். இதற்கு மாநகராட்சியின் 1913 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

வீடு பழைய வீடு. ஜன்னலைச் சாத்தினாலும் மேலே சிமென்ட் ஜாலி திறந்தே இருக்கும். அப்பா படுக்கும் அறையில் மட்டும் ஜாலியில் பிளாஸ்டிக் தாளை டேப் போட்டு ஒட்டி, கதவடியில் ஈரத் துண்டைச் சுருட்டி வைத்தோம். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று வாங்கினேன். வீடு முழுவதற்கும் அல்ல, அந்த ஓர் அறைக்கு. இவ்வளவும் செய்த ராத்திரி அம்மா வழக்கம்போல் அதே அறையில் கொசுவர்த்தியைக் கொளுத்தி வைத்தார். மூடிய அறையில் அதுவே ஒரு போகி. கொசுவலை கட்டினோம். சாம்பிராணியையும் அந்த வாரம் நிறுத்தினோம்.

போகியன்று நாலு மணிக்கே தெருவில் மேளச் சத்தம். ஐந்தரைக்கு எதிர் வீடு மங்கலானது. காற்றின் தரத்தைக் காட்டும் சமீர் செயலியைப் பார்த்தால் 'மிதமானது' என்கிறது! அது காட்டும் குறியீடு 24 மணி நேரச் சராசரி. முந்தைய நாளின் நல்ல காற்றும் அதில் கலந்திருக்கும். அந்த நிறத்தை நம்பி முதியவர்களை வெளியே நடக்க விடாதீர்கள். கண்ணும் மூக்கும் சொல்வதைக் கேளுங்கள். பால் வாங்க நான் மட்டும் போனேன், இரண்டு பட்டை உள்ள என்95 முகக்கவசத்தோடு. சாதாரண நீல முகக்கவசத்தில் ஓரமெல்லாம் புகை புகும். ஏற்கெனவே மூச்சுத் திணறுகிறவர்களுக்கு என்95-ஏ சிரமமாகலாம். அவர்கள் உள்ளே இருப்பதுதான் நல்லது.

ஆக்சிமீட்டரில் 93. ஆறு மணிக்கு 92. திரும்ப 93. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறி, எதிர் வீட்டு மொட்டைமாடியில் காயும் துணி தெளிவாகத் தெரிந்தபோது மணி பத்தரை. அதன் பிறகுதான் ஜன்னலைத் திறந்தோம். பெருக்கவில்லை, ஈரத் துணியால் துடைத்தோம். துணி கறுப்பாக வந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா ஏழு வயசுப் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு வீசிங், கையில் இன்ஹேலர் மட்டும் இருந்தது. "எப்படி எடுக்கற, காட்டு பாப்போம்" என்றார் அப்பா. பார்த்துவிட்டு, "ஸ்பேசர் இல்லாம ஆகாதும்மா. நாளன்னிக்கு என்கூட சென்டருக்கு வாங்க, அந்த சிஸ்டர் சொல்லிக் குடுப்பாங்க" என்றார்.