ஆறு வருடமாகக் காயில் பார்க்க நான் நம்பும் டிசி கிளாம்ப் மீட்டர்

கோல்ஃப் மைதானத்தில் ஐந்து ரீல் (புல்லை வெட்டும் சுழல் உருளை) ஹைட்ராலிக் புல்வெட்டி வண்டிகளைப் பராமரிக்கிறேன். கம்பியை வெட்டாமல் தாடையால் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளக்கும் இந்த மீட்டரை வாங்க வைத்ததே ஒரு வண்டிதான். காலையில் நன்றாக வெட்டும், வெயில் ஏறி ஒரு மணி நேரம் ஓடியதும் ரீல்கள் நின்றுவிடும், நிழலில் அரை மணி விட்டால் மறுபடி ஓடும். மறுநாள் காலை, ரீலுக்கு எண்ணெய் விடும் வால்வை இயக்கும் மின்காந்தச் சுருளான சோலனாய்டு காயிலை மல்டிமீட்டரில் பார்த்தேன், 7.3 ஓம், புதுக் காயிலுக்கும் அதே அளவுதான். சரி, காயில் நல்லது என்று முடிவு கட்டி, வால்வைக் கழற்றி சீல் மாற்றி இரண்டு நாளை வீணாக்கினேன். அப்புறம் ஒரு நாள் ரீல் நின்ற அந்த நிமிடமே கனெக்டரைக் கழற்றி அளந்தால், ஓப்பன்! உள்ளே கம்பி விட்டிருக்கிறது, சூட்டில் விரிந்தால் மட்டும் தொடர்பு அறுகிறது.

அன்றிலிருந்து சூடான காயில் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்றுதான் பார்க்கிறேன். எஞ்சினை நிறுத்தி, சாவி மட்டும் ஆன், ஆள் உட்கார்ந்தால்தான் மின்சாரம் விடும் சீட் ஸ்விட்சுக்காக இருக்கையில் ஒருவர், ரீல் பக்கம் யாரும் கூடாது. 12 வோல்ட், 20 வாட் காயில் குளிர்ந்திருக்கும்போது சுமார் 1.7 ஆம்பியர் இழுக்கும். செம்புக்குச் சூடு ஏறினால் தடையும் ஏறும். 20 டிகிரியில் 7.2 ஓம் இருந்தது 100 டிகிரியில் சுமார் 9.5 ஆகிவிடும், அதனால் 1.3 ஆம்பியருக்கு இறங்கினால் பயப்பட வேண்டாம். ஒன்றுக்கும் கீழே போனால் காயிலைக் குறை சொல்வதற்கு முன் கனெக்டரைக் கழற்றாமலே, காயிலுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்போதே வோல்ட் பாருங்கள். கழற்றி அளந்தால் அரித்துப் பச்சை பூத்த கனெக்டர் முனைகூட 12 வோல்ட் காட்டும், சுமை ஏறினால்தான் 8, 9 என்று சரியும். வால்வு பிளாக்கின் மேல் பிரஷர் வாஷரை நேராக அடிப்பதால் வருவது இது, தயவுசெய்து அப்படிக் கழுவாதீர்கள்.

மீட்டரில் குறையும் உண்டு. சின்ன ஆம்பியரில் தடுமாறும், ஒவ்வொரு தடவையும் ஜீரோ அழுத்தியே ஆக வேண்டும். அதற்காக அதே கனெக்டர் போட்ட ஒரு ஜம்பர் வயர் செய்து, ஒரு கம்பியை மட்டும் தாடைக்குள் மூன்று சுற்று சுற்றி, வரும் அளவை மூன்றால் வகுக்கிறேன், கணக்கு நன்றாக ஒத்துவருகிறது. வாங்குகிறவர்கள் டிசி ஆம்பியர் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள், விலை குறைந்த பல கிளாம்ப் மீட்டர்கள் ஏசி மட்டும்தான் அளக்கும்.

மீட்டர் கையில் இல்லாதபோது காயில் நட்டில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்தால் காந்தம் இழுப்பது தெரியும், ஆனால் பலவீனமான காயிலும் இழுக்கத்தான் செய்யும். அதனால் இப்போது ஒவ்வொரு காயில் மேலேயும் குளிர்ந்த அளவு, சூடான அளவு, தேதி மூன்றையும் மார்க்கரில் எழுதிவைக்கிறேன்.